நீளக்காரி ஆற்றுக்குப் போகவில்லை

பூதப்பாண்டி,
ஆவணி மூன்றாம் ஞாயிறு

அன்பு மக்களே,

அம்மை விடியுமுன்னே நாகராஜா கோயிலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். ஆவணி ஞாயிறு, நாகர்கோவிலில் கால் வைக்க இடமிருக்காது, வடசேரியில் இறங்கி நடக்கத்தான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தூக்குப் பாத்திரத்தில் பால், ஒரு பொட்டலம் மஞ்சள்பொடி. நாகர் சிலைக்கெல்லாம் ஊற்றிவிட்டு, புற்றுமண் பிரசாதமும் வாங்கிக்கொண்டு மத்தியானம்தான் வருவாள். நானும் வருகிறேன் என்றுதான் நேற்று சொல்லியிருந்தேன். காலையில் முட்டு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். வலி ஒன்றுமில்லை. அவள் இல்லாத நேரத்தில் உனக்கு எழுத வேண்டும், அதற்குத்தான்.

இங்கே எல்லாரும் சுகம். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பும் போட்டாச்சு. மட்டி வாழை ஒரு குலை வெட்டினேன். தம்பி வந்திருந்தான், பாதியை அவனே தீர்த்தான். நீ சாப்பிடுகிறாயா? ராத்திரி டியூட்டி முடிந்து வந்து ரெண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சியாவது வை. போன தடவை கொடுத்துவிட்ட சம்மந்திப் பொடி தீர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இருபது நாளாகப் போனில் "டியூட்டி இருக்கு அப்பா, அப்புறம் பேசுறேன்" என்பதற்கு மேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோவும் போடுவதில்லை. அம்மை கேட்டால் அங்கே நெட் சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில், லீட்ஸில் நெட் சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளும் நம்பவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்ததால்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பால் ஊற்றப் போயிருக்கிறாள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். தம்பி என்னிடம் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. நான்தான் விடாமல் கேட்டேன். நீ வளர்த்த பாம்புகள், கருப்பட்டியும் மிளகும், செத்துப்போன விஷயம் எனக்குத் தெரியும்.

நீ ரெண்டையும் ஒரு துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருப்பதையும் சொன்னான். "என் கையாலதான் செத்துது" என்று அவனிடம் அழுததையும், மிஞ்சியிருக்கிற நொங்கை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னதையும் சொன்னான். இந்தக் கடைசிச் செய்திதான் மக்களே, நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்கு ஆச்சரியமாயிருக்கும். 2022-இல் நீ அவற்றை வாங்கிப் போட்டோ அனுப்பியபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "பாம்பா, கல்யாணமா, ரெண்டில் ஒன்றைச் சொல்லு" என்றேன். மார்த்தாண்டத்துச் சம்பந்தம் கலைந்ததற்கும் அந்தப் பாம்புகள்தான் காரணம் என்று உன்னிடமே சொன்னேன். அம்மை அந்தப் போட்டோவைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். ஆனால் நான் பார்த்தேன். அவள் தூங்கின பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். கருப்பட்டியின் வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. அமெரிக்காவில் சோளக் களஞ்சியத்தில் எலி பிடிக்க வருமாம், கார்ன் ஸ்நேக் என்று பேர், விஷம் கிடையாது, நம்மூர்ச் சாரை மாதிரிதான் அப்பா என்று நீ சொன்னாய். பதினைந்து இருபது வருஷம் உயிரோடிருக்கும் என்றும் சொன்னாய். அவ்வளவு காலத்துக்கு இந்தப் பிள்ளை பொறுப்பு எடுத்திருக்கிறாளே என்று எனக்குள் ஒரு பெருமைதான். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நடந்ததைத் தம்பி சொன்னவரையில் நான் மனதுக்குள் வரைந்து பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவன், எனக்கு வயர் விஷயம் புரியும். தொடர்ந்து மூன்று ராத்திரி, பன்னிரண்டு மணி நேர டியூட்டி. காலையில் வந்து பெட்டி ரெண்டையும் கழுவி, புது மரத்தூள் போட்டிருக்கிறாய். அப்போது வெளியே எடுத்த, சூடு பார்க்கிற சென்சார் வயரைத் திரும்ப உள்ளே வைக்க மறந்துபோயிற்று. அது தரையில் கிடந்திருக்கிறது. தரை இருபது டிகிரி இருந்தால் அதிகம். பெட்டி குளிர்ந்து கிடக்கிறது என்று நம்பி தெர்மோஸ்டாட் சூட்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கும். ரெண்டு பெட்டிக்கும் ஒரே தெர்மோஸ்டாட். நீ சாயங்காலம் எழுந்திருக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

பாம்புக்கு வேர்க்காது, சூடு வேண்டுமென்றால் சூட்டுப் பக்கம் போகும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் வரும், அதனால் பெட்டியில் ரெண்டு பக்கமும் வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அன்றைக்கு அதுகளுக்குக் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. நீ திரும்பத் திரும்ப அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நினைக்காதே என்று சொன்னால் நிற்குமா?

தூக்கம் கெட்டவன் கையில் பிளேயரைக் கொடுக்காதே என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார். ஒக்கிப் புயலின்போது, 2017-இல், ஆயிரக்கணக்கில் கம்பம் சாய்ந்து கிடந்தது. அப்போதுகூட ராத்திரி முழுக்க வேலை பார்த்தவனை மறுநாள் காலையில் அவர் கம்பத்தில் ஏற்றவில்லை, கீழே நின்று கயிறு பிடிக்கத்தான் விட்டார். உனக்கு அங்கே கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள்? 2020-இல் கோவிட் வார்டில் நின்ற பிள்ளை நீ. மாத்திரை ஒன்று மாறிப்போகாமல் பார்க்கிறவள். ஒரு வயரை மறந்ததால் நீ கவனமில்லாதவள் ஆகிவிடுவாயா?

ஒன்று கேள். ஃப்ரீசரில் வைக்காதே மக்களே. மண்ணில் வை. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பின்பக்கத் தோட்டத்தில், நாய் நரி தோண்டாத ஆழத்தில் வை. செத்த பாம்பை ஆச்சி எப்படி அடக்கம் செய்வாள் என்று உனக்குத் தெரியும். அதே மாதிரி கொஞ்சம் பாலும் ஒரு காசும் போதும்.

அப்புறம் சாப்பிடு. ராத்திரி தனியாக அந்த அறையில் உட்கார்ந்து காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காதே. பெட்டியை எடுத்துப் பரணில் வை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். இதற்காகத்தான் அம்மையைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கும் இது தெரியாது.

நம் வீட்டுச் சாரை, நீளக்காரியை நினைவிருக்கிறதா? நினைவில்லாமல் இருக்காது. நீ ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துணி அலக்குகிற கல்லில் ஏறிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வைக்கோல் படப்பைப் பார்த்தபடி இருப்பாய். அது படப்படியிலிருந்து வெளியே வந்து, வேலியோரமாகப் போய், தென்னை அடியைச் சுற்றி வரும். என்னைவிட நீளம் என்று நீ சாதிப்பாய், இருந்தாலும் இருக்கும். சாரைதான் நல்ல பாம்புக்குப் புருஷன், அது வந்தால் பின்னாலேயே நல்ல பாம்பும் வரும் என்று பக்கத்து வீட்டு மாமி பயமுறுத்தியபோது, ரெண்டும் வேறே வேறே சாதி மாமி, இது கடித்தாலும் விஷம் கிடையாது என்று சட்டமாகச் சொன்னாய். கிண்டி பாம்புப் பண்ணைக்கு உன்னைக் கூட்டிப் போய் வந்த லீவுக்குப் பிறகு உனக்கு அந்தத் தைரியம். பிடித்து வளர்க்கலாமா என்று கேட்டாய். அதற்கு 1972-லேயே சட்டம் இருக்கிறது, ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான் என்று நான் சொன்னதும், "அப்போ அது அங்கேயே இருக்கட்டும், நான் இங்கேயிருந்து பார்க்கிறேன்" என்றாய்.

அந்த வருஷம் கோழிக்கூட்டில் முட்டை காணாமல் போய்க்கொண்டிருந்தது. ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து ஒரு பழைய நைலான் மீன்வலை வாங்கிவந்து கூட்டைச் சுற்றிக் கட்டினேன். அதுவரைக்கும் தப்பில்லை. வலையில் பாம்பு சிக்கும் என்று எனக்குத் தெரியாது. தலை ஒரு கண்ணிக்குள் போய்விட்டால் செதில் மாட்டிக்கொள்ளும், பின்வாங்க முடியாது, இழுக்க இழுக்க இறுகும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

ரெண்டு நாள் கழித்து, காலையில் டியூட்டிக்குப் புறப்படும்போது கூட்டுப் பக்கம் போனேன். நீளக்காரி வலையில் கிடந்தது. உயிரோடுதான் கிடந்தது மக்களே. கழுத்துக்குப் பின்னால் நாலைந்து கண்ணி மாட்டியிருந்தது. என்னைப் பார்த்து உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு அசையாமல் இருந்தது.

என் தோள்பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. நாலு கம்பி அறுக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. எனக்குப் பயம். நீ இல்லாத இடத்தில், விஷமில்லை என்று நீ நூறு தடவை சொல்லியும், பயம். தடிக்காரன்கோணத்தில் லைன் விழுந்து கிடக்கிறது என்று ஆள் வந்து நின்றிருந்தான். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீயே அறுத்துவிட்டிருப்பாய். கூப்பிடவில்லை. நீ பல் தேய்த்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாய், டாட்டா காட்டினாய்.

அந்த இடத்தில் பத்து மணிக்கு மேல் நிழல் கிடையாது. மத்தியானம் கம்பத்து மேல் இருக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வந்தது. வந்தும் நான் இறங்கி வரவில்லை. நாலு மணிக்கு வரும்போது செத்துக் கிடந்தது. நீ வருவதற்கு முன்னால் வலையோடு சேர்த்து அறுத்தெடுத்து, செவ்வாழை அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அப்போது அறுக்க முடிந்தது, பார். அப்போது பயமில்லை.

நீ வந்து கல்லில் உட்கார்ந்தாய். அன்றைக்கு வரவில்லை, மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாய். "அது பழையாற்றுக்குப் போயிருக்கும் மக்களே, அங்கே தவளை நிறைய" என்றேன். மார்கழி வரைக்கும் நீ கல்லில் உட்கார்ந்தாய். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குக் குளிக்கப் போனால் தாழம்புதர்ப் பக்கம் குனிந்து குனிந்து பார்ப்பாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பாம்பு வாங்கினேன் என்று போட்டோ அனுப்பிய அன்று எனக்கு வந்த கோபம் எதனால் என்று இப்போது உனக்குப் புரியும். கல்யாணமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் அந்தக் கோழிக்கூடுதான் கண் முன்னால் வந்து நின்றது.

உனக்கு வயர் வெளியே கிடந்தது தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தாய். தெரிந்திருந்தால் படியில் விழுந்து எழுந்தாவது ஓடியிருப்பாய். எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தேன், சைக்கிளை எடுத்தேன். உன்னுடையதும் என்னுடையதும் ஒன்று என்று நீ எழுதிவிடாதே, எனக்கு அது வேண்டாம். உன் கையால் செத்தது என்று நீ சொன்னதாகத் தம்பி சொன்ன நேரத்தில், நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது சரியில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். உனக்கு என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. நாலு நாள் பேசாவிட்டாலும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பிடு.

நொங்கைக் கொடுத்துவிடாதே. உன் கை அதற்குப் பழகின கை. வேறொரு வீட்டில் அதன் சூடு குளிர் யார் பார்ப்பார்கள்?

வயர் விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். சென்சார் வயரைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதே, சூட்டில் பசை இளகிவிடும். பெட்டிச் சுவரில் ஒரு கிளிப் வைத்துத் திருகு. சுத்தம் செய்யும்போது மெயின் பிளக்கையே பிடுங்கிவிடு, எல்லாம் உள்ளே வைத்த பிறகு மாட்டு. ரெண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி, முதலாவதைவிட ரெண்டு மூன்று டிகிரி மேலே வைத்து, ரெண்டையும் தாண்டித்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போகிற மாதிரி வரிசையாக மாட்டு. அதற்குத் தனி சென்சார், அதுவும் பெட்டிக்குள். ஒன்று ஏமாந்தாலும் மற்றது அணைத்துவிடும். செலவைப் பார்க்காதே, நான் தம்பியிடம் சொல்லிப் பணம் போடச் சொல்கிறேன். டியூட்டி முடிந்து வந்த காலையில் பெட்டியைத் தொடாதே. தூங்கி எழுந்து தொடு.

அம்மை வந்துவிட்டாள் போலிருக்கிறது, கேட் சத்தம் கேட்கிறது. இதைத் தம்பியிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன், அவன் படித்தாலும் பரவாயில்லை. அம்மைக்கு நீ விரும்பினால் நானே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உனக்கு லீவு என்று தம்பி சொன்னான். உனக்குக் காலை பத்து மணி ஆகும்போது இங்கே ரெண்டரை. அந்த நேரம் அம்மை தூங்குவாள், நான் திண்ணையில் இருப்பேன். வீடியோ போடு. நொங்கைக் காட்டு. அந்த கிளிப்பை எந்த உயரத்தில் திருகியிருக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும்.

அப்பா