கையுறைக்கு வார் தைத்துக் கொடுத்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அவினாசியிலிருந்து தாராபுரம் வரை ஒரு போன் விடாமல் அடித்திருக்கிறது. அதனால் லடாக் பனிமலையில் நண்பரின் விரல் உறைந்த அந்த இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. நண்பர் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். பத்து விரல்களும் இருக்கின்றன. வலது கையில் இரண்டு விரல் நுனியில் தோல் கறுத்து உரிகிறது, அடியில் புதுத் தோல் சிவப்பாக வருகிறது, சட்டைப் பித்தான் பட்டாலே கூசுகிறது. உணர்ச்சி முழுதாகத் திரும்ப நாளாகும் என்றார் மருத்துவர். சேதாரம் அவ்வளவுதான்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி ஒருவருக்கே போகும். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அந்த அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிங்கர் டெய்லர், தையல் மெஷின் ஓட்டுகிறவர். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. "பேரெல்லாம் போட்றாதீங்க தம்பி, நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டதால் பெயர் இல்லை.

அவரிடம் போனதே கையுறைக்காக அல்ல. உடம்போடு ஒட்டிப் போடும் முழுக்கை உள்பனியனுக்காக. பருத்தி தைத்துப் பிழைக்கிற ஊரில் போய் நின்று பருத்தி வேண்டாம் என்று சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் பனிமலைக்குப் பருத்தி ஆகாது. துணிக்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு இது: சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான் பிடிக்கும். ஏறும்போது முதுகு வேர்க்கும். நின்றதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். ஊரில் கோடைக்கு இதமாக இருக்கிற அதே குணம்தான் அங்கே ஆளை விறைக்க வைக்கிறது. அக்காவுக்கு இதை விளக்க வேண்டி இருக்கவில்லை. "வேர்வைய வாங்கி வெச்சுக்கற துணி ஆகாது, கடத்தி உடற துணி வேணும், அதானுங்க?" என்று முடித்துவிட்டார். சூப்பர்வைசரிடம் கேட்டு, கட்டிங்கில் மிஞ்சிய 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பாலியஸ்டர் இன்டர்லாக் பின்னல் துணியை எடுத்தார். தோள்மேல் தையல் வராதபடி, கழுத்திலிருந்தே தொடங்கும் ரேக்லன் கை. பையின் பட்டை அழுத்துகிற இடத்தில் ஓவர்லாக் தையல் புடைத்து நின்றால் தோல் வழண்டுவிடும் என்று, தட்டையாகத் தைக்கும் பேட்லாக் மெஷின் ஓட்டுகிற தம்பியைக் கெஞ்சி எல்லா இணைப்பையும் படிய ஓட்டி வாங்கினார்.

எல்லாம் முடிந்தபின் மேசையில் கிடந்த கையுறையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதக் கழட்டுனா எங்கீங்க வெப்பீங்க?"

கையுறை விற்ற கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. அங்கே பேச்சு எல்லாம் எத்தனை டிகிரி தாங்கும் என்பதில்தான். மலையில் கையுறை போட்டிருக்கும் நேரத்தை விட, கழற்றும் அரை நிமிடம்தான் ஆபத்து. அந்த அரை நிமிடம் அடிக்கடி வரும். பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் கிராம்பான் என்ற முள்சட்டத்தைக் கட்டினால் பத்து நிமிடம் நடந்ததும் பட்டையை மறுபடி இறுக்க வேண்டும், அதற்குள் பனி அமுங்கி அது தளர்ந்திருக்கும். கயிற்றில் கேரபைனர் என்ற கொக்கி வளையத்தை மாற்ற, ஜிப்பைத் திறக்க, ஹெட்லைட் பேட்டரியைத் தொட, மூத்திரம் பெய்ய என்று ஒவ்வொன்றுக்கும் தடித்த வெளியுறையைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதைக் கக்கத்தில் இடுக்கினால் நழுவும். பல்லில் கடித்தால் மூச்சு வாங்கும்போது வாய் திறந்துவிடும். தரையில் வைத்தால் சரிவில் காற்று ஒரே இழுப்பில் கொண்டுபோகும், பிடிக்க ஓடவும் முடியாது, இடுப்பில் கயிறு. அதன்பின் மிஞ்சுவது மெல்லிய உள்ளுறை மட்டும். அந்தக் கையால் பனிக்கோடரியின் உலோகத்தலையைப் பிடித்தால் சூடு உலோகத்துக்குள் ஓடிவிடும்.

கேட்டுவிட்டு, உறையை மணிக்கட்டோடு பிடித்து வைக்க ஒரு வார் தைக்க அவரே வேலையில் இறங்கினார். முதலில் எலாஸ்டிக்கை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். குளிரில் ரப்பர் விறைக்கும், இறுகினால் மணிக்கட்டில் ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். ஹூடிக்குக் கோக்கிற பாலியஸ்டர் நாடாதான் சரி என்றார். பருத்தி நாடா நனைந்து உறைந்தால் குச்சி மாதிரி நிற்கும், நாடாவை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாப்பர் நகராது. நாடாவை உறையின் விளிம்பில் சுண்டுவிரல் பக்கம் வைத்து, உள்துணியோடு நிறுத்தாமல் வெளித்துணியையும் சேர்த்துப் பிடித்துப் பார்டாக், அதாவது நெருக்கமான பலத்த தையல், போட்டார். உள்துணியில் மட்டும் தைத்தால் முதல் இழுப்பிலேயே உள்துணி வெளியே வந்துவிடும், பிறகு ஈரக் கையில் அதைத் திரும்ப நுழைப்பது பெரும்பாடு. விளிம்புக்கும், மணிக்கட்டில் மாட்டும் நாடா வளையத்துக்கும் இடையே 15 செ.மீ. இடைவெளி விட்டார். அதைவிடக் குறைந்தால் உறை தொங்கும்போது விரலை மறைக்கும், கூடினால் கிராம்பான் முள்ளில் போய் மாட்டும். வளையத்தை இன்னொரு கையின் துணையில்லாமல், பல்லால் இழுத்தே இறுக்கலாம்.

பிறகு இன்னொரு கேள்வி. "வாய் மேல பாத்துத் தொங்குனா பனி உள்ள உழுகாதுங்களா?" விழும்தான். விழுந்து உருகி உறைந்தால் அந்த உறையால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் நடுவிரல் நுனியில் ஒரு சின்னக் காது, மாட்டுவதற்கான துணி வளையம், தைத்தார். கொஞ்சம் அதிக நேரம் கழற்றி வைக்க வேண்டுமானால் அந்தக் காதை இடுப்புப் பட்டையின் கேரபைனரில் மாட்டிவிடலாம், உறை வாய் கீழே பார்த்துத் தொங்கும். பனிமலை ஏறிப் பழகியவர்கள் செய்கிற ஏற்பாடு இது. மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி அவர் அங்கே வந்து சேர்ந்தார்.

அன்றிரவு காற்று வெளியுறையை உருவியது. வார் பிடித்தது. இடையில் வெறும் உள்ளுறையோடு போன நேரத்தின் கணக்குதான் அந்த இரண்டு விரல் நுனி. உறையே போயிருந்தால் கணக்கு எங்கே நின்றிருக்கும் என்று நினைக்க மனம் வரவில்லை.

அக்கா, நீங்கள் காசு வாங்கவில்லை. "மிச்சத் துணிக்கும் அரை மணி நேரத்துக்கும் என்னத்தீங்க வாங்கறது" என்றீர்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிறவருக்கு அரை மணி நேரம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

இனி மற்றவர்கள்.

லே நகரிலிருந்து எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அண்ணனுக்கு நன்றி. தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர். லேயின் கடைத்தெரு அதைவிட உயரம், சுமார் 3,500 மீட்டர். நாங்கள் ஏறப் போன காங் யாட்சே இரண்டாம் சிகரம் 6,250 மீட்டர். வெள்ளியங்கிரியை ஒரே மூச்சில் ஏறி இறங்குகிற காலை வைத்துக்கொண்டு இந்த உயரத்தை எடை போட முடியாது. பலசாலிதான் வேகமாக ஏறி முதலில் படுக்கிறான். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொண்டார் அவர். சாயங்காலம் ஒவ்வொருவரையும் குதிகாலை மறுகால் விரலில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்று கொண்டு, இருட்டென்றும் பார்க்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். சடங்கு மாதிரி தெரியும். சடங்கில்லை.

முகாமின் சமையல் தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஐயாயிரம் மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு மசியவே மசியாது. குக்கரைச் சுமந்து வந்து, நாங்கள் கொடுத்த பக்குவத்தில் நமது அரிசிம்பருப்பு சோறு ஆக்கிப் போட்டார். அன்றிரவு விரலைத் தேய்க்கப் போன ஒருவரின் கையைத் தட்டிவிட்டவரும் அவர்தான். உறைந்த தோலைத் தேய்த்தால் உள்ளே கிழியும், அடுப்பில் காட்டினால் மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. இனி வெளியே குளிருக்குப் போக வேண்டியதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெந்நீர் வைத்தார், இளகிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் பலமடங்கு. சூடு 37 முதல் 39 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தன் முழங்கையை விட்டுப் பார்த்து, ஆற ஆற ஊற்றிக்கொண்டே இருந்தார்.

குதிரைக்காரருக்கும், லே மருத்துவமனையில் இரவு பணியில் இருந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், விமானச் சீட்டு மாற்றித் தந்த கோவைத் தம்பிக்கும், நண்பரின் அம்மாவுக்குத் துணையாக வீட்டிலேயே தங்கிய பக்கத்து வீட்டாருக்கும், சென்னிமலையில் வேண்டிக்கொண்டவர்களுக்கும், எள்ளுருண்டை கொடுத்தனுப்பியவர்களுக்கும் நன்றி. எள்ளுருண்டை குளிரில் கல்லாகிவிடுகிறது, ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வைத்தால் கடிக்கலாம். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம். இந்தப் பக்கத்திலிருந்து யார் பனிமலைக்குக் கிளம்பினாலும் அவர்களுடைய கையுறைக்கு வாரும் காதும் தைத்துத் தருவோம். நண்பரின் விரல் தேறும்வரை தைப்பது நான். அக்கா ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். என் தையல் கோணல்தான், ஆனால் இழுத்துப் பார்த்துவிட்டு "புடிக்குமுங்க" என்று சொல்லிவிட்டார். நாடாவும் ஸ்டாப்பரும் எங்களிடம் இருக்கின்றன, காதர்பேட்டையில் அலைய வேண்டாம். கையுறையோடு, போடப் போகிற ஜாக்கெட்டையும் எடுத்து வாருங்கள். அதன் கைப்பகுதியைப் பார்க்காமல் வாரின் நீளத்தை வெட்ட முடியாது.

நன்றியுடன்,
திருப்பூரிலிருந்து இருவர்