செயற்கை உயிரியல் திட்டம்: யோசனைகள் தேவை

நண்பர்களே, ஐஜெம் (உயிரிகளின் மரபணுக்களை மாற்றி வடிவமைக்கும் மாணவர் அணிகளுக்கான சர்வதேசப் போட்டி) போட்டிக்கான யோசனைகளை ஞாயிறு இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். 2006 போட்டியில் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் ஈ.கோலை பாக்டீரியாவை வாழைப்பழ மணம் வீசச் செய்தார்கள். அதே ஆண்டு எடின்பரோ அணி, குடிநீரில் ஆர்செனிக் இருப்பதைக் காட்டும் பாக்டீரியாவை வடிவமைத்தது. என் ஓட்டு இரண்டாவது வகைக்குத்தான்.

தருமபுரியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஃபுளோரைடை உணர்ந்து மரபணுவை இயக்கும் ஆர்என்ஏ சுவிட்ச் சில பாக்டீரியாக்களில் இயற்கையாகவே இருக்கிறது. அந்தச் சுவிட்சை, நிறத்தை உண்டாக்கும் ஒரு மரபணுவோடு இணைத்தால் என்ன? குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு என்ற வரம்பை ஒட்டி நிறம் மாற வேண்டும், சிக்கலே அங்கேதான்.

"பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த மரபணு, விளைவை எப்படி அளப்பது என்பதையும் சொல்லுங்கள். பாக்டீரியாவை ஆய்வகத்துக்கு வெளியே விடும் திட்டங்கள் வேண்டாம்.