2011-ல் என்னோடு மெழுகுவத்தி ஏந்தியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

அந்த ஆகஸ்ட் மாதம் நினைவிருக்கும். தில்லி ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தார். நம் ஊர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே நாம் முப்பது பேர், பேப்பர் கப்பில் செருகிய மெழுகுவத்தியோடு நின்றோம். காற்றில் அணைய அணைய, பக்கத்தில் நிற்பவரிடம் பற்றவைத்துக்கொண்டோம். துண்டறிக்கை எழுதும் வேலை என்னுடையது. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பு வந்துவிட்டால் நாடு நிமிர்ந்துவிடும் என்று எழுதினேன். நம்பித்தான் எழுதினேன்.

நடந்தது உங்களுக்கே தெரியும். சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறியது. முதல் லோக்பால் தலைவர் பதவியேற்க 2019 மார்ச் ஆனது. அந்தத் தாமதத்தைக்கூட விழுங்கிக்கொண்டேன். விழுங்க முடியாதது வேறு. அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்த ஆம் ஆத்மி கட்சி 2015-ல் தில்லியில் 70-க்கு 67 இடங்களை வென்றது. அடுத்த மாதமே, சொந்தக் கட்சிக்காரர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்கட்சி லோக்பாலாக இருந்த அட்மிரல் ராம்தாஸை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பேனாவை மூடியவன்தான். உங்களில் சிலர் கட்சிகளுக்குப் போனீர்கள், சிலர் துபாய்க்குப் போனீர்கள். நான் அப்பாவின் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நாலு வருஷம் ஒரு வரி எழுதவில்லை.

திரும்ப எழுத வைத்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. “நீ எழுதுற ஆளாமே தம்பி, ஒரு மனு எழுதித் தா” என்றார். மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்க ஏழைகளின் கண்ணீர், அதிகாரிகளின் அலட்சியம். பெருமையாக வாசித்தும் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “எல்லாஞ் சரி, எந்த மாசத்துலேருந்து பணம் வரலைன்னு எழுதலையே?” என்றார்.

ஆறு வரியில் திருப்பி எழுதினேன். பெயர், வயது, கணக்கு எண், பணம் நின்ற மாதம். வங்கிப் புத்தகத்தில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல், சிக்கல் அவ்வளவுதான். தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து அதைத் திருத்த மூன்று மாதம் பிடித்தது.

அன்று இரவு என் பழைய துண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ‘ஊழல்’ என்ற சொல் பத்தொன்பது முறை வந்திருந்தது. ஒரு தொகை இல்லை, ஒரு தேதி இல்லை, எந்த வேலைக்கு எவ்வளவு போனது என்று ஒரு வரி இல்லை. தில்லி நம்மை ஏமாற்றியது உண்மைதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கணக்கை நான் ஒருநாளும் கேட்டதில்லையே.

நாம் பெருமையாகப் பேசிய தகவல் உரிமைச் சட்டமும் அப்படி ஒரு கைக்கெட்டும் கணக்கில் தொடங்கியதுதான். 1994 டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. ஊர்ப்பணிகளுக்கு என்ன செலவானது என்று அரசுத் தாள்களில் இருந்ததைச் சபையில் உரக்க வாசித்தார்கள். இப்படி ஒவ்வோர் ஊராகக் கூலிப் பட்டியலை வாசித்தபோது, பணம் வாங்கியதாக எழுதியிருந்த பெயர்க்காரர்களே எழுந்து தங்களுக்கு வரவில்லை என்றார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதுதான் அவர்களுடைய கோஷம். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமைக்காக 1996-ல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். மத்தியச் சட்டம் 2005-ல் வந்தது. (நம் தமிழ்நாடு 1997-லேயே ஒரு சட்டம் போட்டது. விதிவிலக்குகள் அதிகம், பயன் குறைவு.)

சரி, இப்போது என்ன எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஊர் வாக்காளர்கள் கூடி ஊராட்சிக் கணக்கைக் கேட்கும் கிராம சபையை எழுதுகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. யார் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எது தீர்மானமானது, எது ஆகவில்லை. மறுநாள் இரண்டு தாளில் நகல் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுவேன். முதல் தடவை ஊராட்சிச் செயலர் என்னோடு பேசவேயில்லை. மூன்றாவது தடவை அவரே கடைக்கு வந்து, “மோட்டார் ரிப்பேர் 48,000 இல்லைங்க, 43,000. பில் காட்டறேன், மாத்தி எழுதுங்க” என்றார். மாற்றி எழுதினேன். நம் துண்டறிக்கைகளை இப்படி ஒருவராவது திருத்த வந்ததுண்டா?

பில் கிடைக்காதபோது 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் கேட்கிறேன். 30 நாளில் வர வேண்டிய பதில் ஒருமுறை 41-ஆம் நாள் வந்தது, அதுவும் பாதி. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். தெருவிளக்கு ஏழு இன்னும் எரியவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2016-லிருந்து மூன்று வருஷம் ஊராட்சிகள் தேர்தல் இல்லாமல் கிடந்தன. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்களுடையது உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, மறுபடி அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்குப் போயின. ஒரே அதிகாரிக்கு எத்தனையோ ஊர். ‘யாரைக் கேட்பது’ என்று சபையில் ஒரு பெண் கேட்டார். சபையைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளர் தண்ணீர் குடித்தார். அதையும் அப்படியே எழுதி ஒட்டினேன்.

உங்களைத் திரும்பப் பேருந்து நிலையத்துக்கு அழைக்கவில்லை. உங்கள் எல்லோருக்கும் ஏதோ ஓர் ஊரில் ஓட்டு இருக்கிறது. லீவுக்கு அங்கே போகும்போது தேதி சரியாக அமைந்தால் சபையில் போய் உட்காருங்கள். எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். உங்கள் தலையும் கணக்கில் சேரும். பேச வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடும் முன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் முதல் தடவை நான் பார்த்தபோது மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் துண்டறிக்கைக்காரன்