கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரை: காசநோய் மருந்துக் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். அரசு சுகாதார நிலையங்களுக்குக் காசநோய் மாத்திரை ஏன் வரவில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதத் தேவையை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு இந்த 2024 மார்ச்சில் மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குக் கடிதம் போனதும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது மட்டும் தெரிந்திருக்காது.

என் அண்ணன் கொத்தனார். நுரையீரல் காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சையில் மூன்றாவது மாதம். ஒரு மாத மாத்திரை தர வேண்டிய இடத்தில், செவிலியர் அட்டையைக் கத்தரியால் வெட்டி, மூன்று நாளுக்கு உரியதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கொடுக்கும்போது அவரால் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்வர ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. நான்காவது முறை அந்த மூன்று நாள் மாத்திரையும் இல்லை. “திங்கட்கிழமை வந்து பாருங்கள்” என்றார்கள்.

இந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் வாரம் அதைக் கண்டு பயந்தவர்தான் அண்ணன். பிறகு அந்த நிறமே அவருக்குத் தெம்பு. மாத்திரை நின்ற இரண்டாம் நாள் அது வெளுத்துவிட்டது. அன்றிரவு கொல்லையிலிருந்து வந்தவர், “மருந்து உடம்பைவிட்டுப் போய்விட்டதடா” என்றார். தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்துவைத்துக்கொண்டார். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை.

ஆகவே கேட்கிறேன்: ஒரு மாத மாத்திரையை மாதத் தொடக்கத்தில் முழுதாகக் கொடுங்கள்.

இந்த மாத்திரை எளிதில் வந்ததல்ல. 1957-இல் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து மிலான் ஆய்வகம் ஒன்று ரிஃபாமைசினைப் பிரித்தெடுத்தது. அதை வாய்வழி சாப்பிடும் ரிஃபாம்பிசினாக மாற்ற மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. காசநோயாளி வீட்டிலிருந்தே குணமாக முடியுமா என்ற கேள்விக்கோ, நம் சென்னைதான் விடை சொன்னது. 1956-இல் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், சேர்த்தார்கள். மறுபாதி நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே மருந்து சாப்பிட்டது. நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான். ஆனால் ஓராண்டு கழித்து இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட அது ஒரு முக்கியக் காரணம். மருந்து தவறாமல் கைக்குக் கிடைத்ததால் வந்த முடிவு அது. அன்று அந்தக் குடிசைகளுக்குப் போய்ச்சேர்ந்த மருந்து, 68 ஆண்டு கழித்து அதே மாநிலத்தில் ஒரு கொத்தனாருக்குக் கிடைக்கவில்லை.

இடையில் நின்றால் கிருமி இந்த மருந்துக்கு மசியாமல் போகலாம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அப்படி மருந்துக்கு மசியாத கிருமி உள்ளவர்களுக்கான பெடாகுவிலின் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2012-இல். அதற்குமுன் நாற்பது ஆண்டுகளாகக் காசநோய்க்கென்று புதுவகை மருந்தே வரவில்லை. கையில் இருப்பதை வீணடித்துவிட்டு அடுத்ததற்கு இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

எங்கள் சுகாதார நிலையச் சுவரில் ‘2025-க்குள் காசநோயை ஒழிப்போம்’ என்ற சுவரொட்டி பளபளக்கிறது. சுவரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்ட நோயாளியைக் குறித்துவைக்கப் பதிவேட்டில் இடமுண்டு. மாத்திரை தராதவர் பெயரை எழுதத்தான் இடமில்லை.

மன்னிக்க வேண்டும், கோபம் எங்கோ இழுத்துப் போய்விட்டது. தயவுசெய்து ஒரு மாத மாத்திரையை மாதத் தொடக்கத்தில் முழுதாகக் கொடுங்கள். ஒவ்வொரு மாவட்டக் கிடங்கிலும் எத்தனை நாள் இருப்பு உள்ளது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பஸ் ஏறுமுன் நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

அண்ணனிடம் இப்போது வியாழக்கிழமை வரைக்கும் மாத்திரை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு காசநோயாளியின் தம்பி