பைக்குப் பூட்ஸ் தோலே போதும்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. முழங்கால் உயரப் பூட்ஸ் ஒரு ஜோடி, பழைய பெல்ட் இரண்டு, மெரூன் ஜாக்கெட் ஒன்று. சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் உன் துப்பாக்கிக்குக் குண்டும் சாமானும் வைக்க, இதிலிருந்து வேட்டைப் பை வருமா என்று கேட்டிருக்கிறாய். வரும். பூட்ஸும் பெல்ட்டும் போதும். ஜாக்கெட் வேண்டாம்.

அது ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத மெல்லிய தோல். எடை பெரிய விஷயமில்லை, அரை அங்குல ஈயக் குண்டு ஒரு டஜன் போட்டாலும் 150 கிராம் தாண்டாது. ஆனால் பையின் வாய் விறைப்பாக நிற்காமல் மடிந்துகொள்ளும். குளிரில் விறைத்த கையை உள்ளே விட முடியாது. வார் தைக்கும் இடத்திலும் துளை கிழியும். லைனிங் கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, உனக்கு அந்த அவசியம் இல்லை. அது மலருடைய ஜாக்கெட்தானே? அவளைக் கேட்டுத்தான் எடுத்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பூட்ஸைப் பின்தையலில் பிரித்து விரி. ஓரத்தை வெட்டிப் பார், நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் உப்பில் பதனிட்ட தோல், கடைசிவரை பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்டது. இரண்டுமே பைக்கு ஆகும். வழவழப்பான மேல்பக்கம் வெளியே வரும்படி இரண்டாக மடித்து அழுத்து. வெடிப்பு விட்டால் அந்த இடத்தைத் தள்ளிவிடு. விரலால் தேய்த்தால் செந்தூள் உதிர்கிறதா, அந்தத் தோல் செத்துவிட்டது, எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. பெல்ட்டையும் நுனியில் கீறிப் பார். நடுவில் அட்டை வைத்து மேலே தோல் ஒட்டியதென்றால் பக்கிளை மட்டும் கழற்றிக்கொள்.

அழுக்கை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவை. ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, சுருங்கி விறைத்துவிடும்.

அளவு பெரிதாக வேண்டாம். 1700-களில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஜெர்மன்காரர்கள் அந்த நீளத் துப்பாக்கிகளைச் செய்த காலத்துப் பைகள் பெரும்பாலும் சின்னவைதான். முன்பக்கம் 7 அங்குல அகலம், 7½ உயரம். பின்பக்கம் 7க்கு 8. மூடி 6 அங்குலம் தொங்கட்டும். சுற்றிலும் தையலுக்கு ⅜ அங்குலம் விடு. பின்பக்கமும் மூடியும் ஒரே துண்டாக வந்தால் உத்தமம். நீளம் போதாவிட்டால் மூடியைத் தனியாக வெட்டி, முக்கால் அங்குலம் மேலேற்றி இரட்டைத் தையல் போடு. முதலில் அட்டையில் பேட்டர்ன் வெட்டிப் பார்த்துக்கொள். பழைய தையல் துளை புதுத் தையலுக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

வாரை முதலில் தை. பையை மூடியபின் உள்ளே கை போகாது. பின்பக்கத்தில் மேலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே வைத்து, உள்பக்கம் ஒரு துண்டுத் தோல் அண்டை கொடுத்து, சதுரமாகத் தை. இரண்டு பெல்ட்டை இணைக்கும்போது இரண்டு அங்குலம் ஸ்கைவ் செய்து, அதாவது நுனியைச் சீவி மெல்லிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்று வை. நன்றாக வரும், உன் கைவெட்டு சுத்தம். தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் இருந்த யாரும் உன் ஸ்கைவிங்கைக் குறை சொன்னதில்லை. கேட்காமல் எதையும் எடுத்து வெட்டிவிடுவதுதான் சின்ன வயசிலிருந்தே உன் பழக்கம்.

பிறகு மேல்பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு துண்டையும் சேர்த்து, நடுவில் அரை அங்குல வெல்ட், அதாவது ஒரு தோல் நாடா, வைத்துத் தை. வெல்ட் இல்லாவிட்டால் திருப்பியதும் நூல் வெளியே தெரியும், உரசி அறுந்துவிடும். மூன்று பக்கமும் 22 அங்குலம். லினன் நூல் அதன் நான்கு மடங்கு எடுத்து, தேன்மெழுகு தேய்த்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்துக்கொள். அங்குலத்துக்கு ஆறு தையல். நெருக்கினால் தபால்தலை போலக் கிழியும். முடிவில் மூன்று தையல் திரும்பி வா. கீழ் மூலைகளை வளைவாக வெட்டி, தையலுக்கு ⅛ அங்குலம் முன்புவரை கத்தரித்துவிடு. பிறகு ஈரத்துணியால் ஒத்தித் திருப்பு.

மூடிக்குத் தோல் முடிச்சோ மான்கொம்புப் பொத்தானோ போதும். வெல்க்ரோ, காந்தம் வேண்டாம். வெல்க்ரோ பிரியும் சத்தத்தில் மான் ஓடிவிடும், காந்தத்தில் இரும்புச் சாமானெல்லாம் ஒட்டும். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் அந்த பிளின்ட்லாக், அதாவது சக்கிமுக்கித் துப்பாக்கி, வேட்டை சீசனுக்குத்தானே? தனியாகவா போகிறாய்? அந்த லீவில் மூன்று பேரும் எங்கேயாவது போவீர்கள். இப்போது வீடியோவிலும் நீ மட்டும்தான் வருகிறாய். மலர் குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். அம்மா எதுவும் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிடுகிறாள்.

மிச்சத் துண்டை எறியாதே. சக்கிமுக்கிக் கல்லைத் துப்பாக்கித் தாடையில் இறுக்கத் தோல் துண்டு வேண்டும். குண்டைச் சுற்றும் துணி சுத்தப் பருத்தியாக இருக்கட்டும், பாலியெஸ்டர் குழலுக்குள் உருகி ஒட்டும். கருமருந்து அதற்கான கொம்புக் குப்பியிலேயே இருக்கட்டும், பைக்குள் சிந்தவிடாதே. கல்லும் இரும்பும் உரசிப் பொறி வரக்கூடிய இடம் அது. ஈயத்தைத் தொட்ட கையோடு எதுவும் சாப்பிடாதே.

கடைசியில் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மாட்டுக் காலிலிருந்து எடுப்பது, லேசாக ஒரு பூச்சு. அம்மா அனுப்பிய தேங்காய் எண்ணெயைத் தடவாதே, உங்கள் ஊர்க் குளிரில் உறைந்து வெள்ளையாகப் பூக்கும்.

ஜாக்கெட்டை இருந்த இடத்திலேயே மாட்டி வை. தோல் பத்தவில்லையென்றால் இங்கிருந்து இரண்டு மில்லியில் நல்ல துண்டாக நானே அனுப்புகிறேன், எத்தனை அங்குலம் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. மலரிடம் பேச வேண்டும் என்று அம்மா சொல்கிறாள், நானும்தான். அவள் வேறு நம்பரில் இருந்தால் அந்த நம்பரைக் கொடு. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா