கேட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் வடசென்னைக் காலடிப்பேட்டைக்காரி. ராயபுரத்தில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இரண்டாவது ஷிப்ட் முடியும்போது இரவு 9 மணி ஆகிவிடும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட அதே ராயபுரம் நிலையத்தில் ஏறித்தான் வீடு திரும்புகிறேன். அந்தப் பெருமையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது ரயிலை விட்டு இறங்கிய பிறகு நடப்பதைப் பற்றி.

உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பஸ்ஸைப் பற்றிப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதலாம், ரயிலைப் பற்றி ரயில்வேக்கு எழுதலாம், மெட்ரோவுக்குத் தனி முகவரி, தெருவிளக்குக்கு மாநகராட்சி. இவர்கள் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கத்தான் 2010-இல் உங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் 2022 நவம்பரில் நடந்தது. குழந்தை தவழ்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. போகட்டும், இப்போது நடக்கிறது. 2025-இல் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதியையும் கொண்டுவந்தீர்கள். என் மகள் என் போனில் அதை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள், நன்றாகவே வேலை செய்கிறது. டிக்கெட்டை ஒன்றாக்கிவிட்டீர்கள். பொறுப்பை இன்னும் ஒன்றாக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

2023 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் இறங்கிய நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கிருக்கும் யாரோ ஒரு ஊழியருக்கு மெமோ போகும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். பெண்கள் பெட்டியில் அன்று என்னோடு சேர்த்து இரண்டே பேர். அந்த இன்னொரு பெண்ணும் கொருக்குப்பேட்டையில் இறங்கிவிட்டார். இதை ஆண்களுக்கு விளக்குவது கொஞ்சம் கடினம்: கூட்டம் இருந்தால் கை பயம், கூட்டம் இல்லாவிட்டால் உயிர் பயம். காலியான பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருப்பதைவிட நிறைந்த பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு போவதே மேல் என்று, இரவு 9 மணிக்கு மேல் பயணம் செய்யும் பெண்கள் பலரும் சொல்வார்கள். அடுத்த நிலையத்தில் நானும் இறங்கிப் பொதுப் பெட்டிக்கு மாறினேன். அங்கே எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை எடுக்கவே இல்லை. நான் இறங்கினேன், அவரும் இறங்கினார். நான் நின்றேன், அவரும் நின்றார். 46 வயதில் என்ன பயம் என்று பின்னால் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள்.

கேட்டுக்கு அருகில் சீருடையில் இருந்தவரிடம் சொன்னேன். "வெளியே போய்விட்டால் எங்கள் எல்லை இல்லை அம்மா" என்றார். வெளியே ரோந்து வண்டி ஒன்று நின்றிருந்தது. அங்கே சொன்னேன். "ரயிலில் ஆரம்பித்தது என்றால் ரயில்வே போலீஸ்தான் பார்க்க வேண்டும்" என்றார்கள். இரண்டு பேருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், அதை மறைக்கக் கூடாது. ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒன்றிய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை ஒன்று, மாநில அரசின் இருப்புப்பாதைக் காவல்துறை ஒன்று என இரண்டு காக்கி இருக்கிறது. வாசலைத் தாண்டினால் மாநகரக் காவல். பயந்து ஓடி வருகிறவள் சட்டையின் தோள்பட்டையைப் படித்துப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் பகலில் போய் அந்தத் தூரத்தை அளந்தேன். நிலையத்தின் கேட்டிலிருந்து பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பம் வரை 212 எட்டு. முதல் 20 எட்டு ரயில்வே நிலம். அதன் பின் ஒரு சந்து. அங்கே விளக்கு இருந்தது, வேப்பமரக் கிளைக்குள் எரிந்துகொண்டிருந்தது. மரத்துக்கு வெளிச்சம் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு பெரிய சாலை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓரங்கட்டி நிற்கும், அவற்றுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதற்கப்புறம் மெட்ரோ தூண்களின் நிழல். கடைசியாக நிறுத்தம். 212 எட்டுக்குள் குறைந்தது நான்கு துறைகள். எந்தத் துறையிடம் கேட்டாலும் அவரவர் 50 எட்டு சரியாகத்தான் இருக்கும்.

அன்று இரவு என்னைக் காப்பாற்றியது சட்டமும் இல்லை, சீருடையும் இல்லை. அந்தத் தூண்களில் ஒன்றின் கீழே தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா. நான் வந்த வேகத்தைப் பார்த்ததுமே பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு "உட்காரும்மா" என்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பின்னால் வந்தவரைப் பார்த்து அவர் சொன்னதை இந்த மடலில் எழுத முடியாது. வடசென்னைத் தமிழுக்கு அதற்கென்று ஒரு வளம் உண்டு. கரண்டி கையில் இருந்தது. அந்த ஆள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். பஸ் வரும்வரை அம்மா இட்லித் தட்டில் துணியை விரிப்பதும் மாவை ஊற்றுவதுமாக இருந்தார், ஒரு கண் மட்டும் எதிர்ப்பக்கத்தில். என்னிடம் இரண்டு இட்லிக்குக் காசு வாங்கிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடித்தது.

அடுத்த ஆண்டு நடைபாதையைச் சீர்ப்படுத்துகிறோம் என்று தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்தினார்கள். பூக்காரர், சுண்டல்காரர், இட்லிக்கார அம்மா எல்லோரும் போனார்கள். சில மாதங்கள் கழித்து, வண்டி நின்ற அதே இடத்தில் ஒரு கம்பம் முளைத்தது. அதன் உச்சியில் ஒரு கேமரா.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்து முடிந்ததைக் கேமரா சொல்லும். 2016-இல் நுங்கம்பாக்கம் நிலையத்தில் காலை வேளையில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது அதைக்கூடச் சொல்ல அங்கே கேமரா இல்லை என்று ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் அன்று நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம். பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று இன்றுவரை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடம் ஓடுவது, எதை உரக்கச் சொல்வது, தாக்கப்படுபவரைச் சுற்றி எப்படி நிற்பது என்றெல்லாம் பயிற்சி கொடுத்தால் வரக்கூடிய காரியங்கள்தாம். "படியில் பயணம் நொடியில் மரணம்" என்று எழுதிப் போட்டு ஒரு தலைமுறைக்கே அதை மனப்பாடம் ஆக்கியவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

சட்டத்துக்கும் இங்கே பஞ்சம் இல்லை. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், வண்டியை நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில். 2022-இல் மாநில மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பெண்களை முறைத்துப் பார்ப்பவரையும், கண் சிமிட்டுபவரையும், விசிலடிப்பவரையும் கண்டக்டர் எச்சரித்து இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம் என்று எழுதினார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. எல்லாம் நல்ல எழுத்து. ஆனால் எண்ணூரிலிருந்து நெரிசலோடு வரும் பஸ்ஸில், ஒரு கையில் பையும் இன்னொரு கையில் டிக்கெட் கருவியும் வைத்திருக்கும் கண்டக்டர், குடித்துவிட்டு நிற்கும் நான்கு பேரை எப்படி இறக்குவார்? இறக்கினால் அடுத்த நிறுத்தத்தில் அவருக்கு யார் துணை? அவருக்கும் வீடு இருக்கிறது, நாளைக்கும் இதே தடத்தில்தான் வர வேண்டும். பயணிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் கண்டக்டரையும் டிரைவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். முனையத்தில் பெண் கண்டக்டருக்குப் பூட்டுள்ள கழிப்பறை இருக்கிறதா என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பஸ்களில் பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் பொருத்தியிருக்கும் சிவப்பு அவசரப் பொத்தானைப் பற்றி ஒரு காட்சி. போன மாதம் ஒரு பஸ்ஸில் நான்கு வயதுப் பையன் ஒருவன் சீட்டில் ஏறி நின்று அதை அழுத்தப் போனான். அம்மா கையைத் தட்டிவிட்டார். உடனே பஸ்ஸில் விவாதம் தொடங்கியது. அழுத்தினால் வண்டி தானாகவே நின்றுவிடும் என்றார் ஒருவர். டிரைவரிடம் மணி அடிக்கும் என்றார் இன்னொருவர். அபராதம் போடுவார்கள் என்றார் ஒரு பெரியவர், ரயிலில் சங்கிலி இழுப்பதை நினைத்துக்கொண்டு. உண்மையில் அது கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் அனுப்புகிறது. அங்கிருப்பவர்கள் பஸ்ஸின் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியும். இது அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. பொத்தானுக்கு அருகில் இரண்டு வரி தமிழில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்?

எல்லாவற்றுக்கும் போலீஸ் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நிறுத்தத்தில் சில வாரங்கள் மனநிலை சரியில்லாத ஒரு பெண் தங்கியிருந்தார். தனக்குத்தானே பேசுவார், சில நேரம் கத்துவார், யார் மேலும் கை வைத்ததில்லை. "இவளைத் துரத்துங்கள்" என்று பயணிகளில் சிலரே சத்தம் போட்டார்கள். பூக்காரர் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். கடைசியில் ஒரு கல்லூரி மாணவி, ஆதரவற்றவர்களை மீட்க சென்னைக் காவல்துறை 2021-இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' என்ற உதவியைப் பற்றி அறிந்து அழைத்தாள். வந்தவர்கள் பொறுமையாகப் பேசி அவரை அழைத்துப் போனார்கள். அந்த அழைப்பு எண் எந்த நிறுத்தத்திலும் எழுதப்பட்டிருந்து நான் பார்த்ததில்லை. நகைக்கடை விளம்பரத்துக்கு நிழற்குடையின் மூன்று பக்கமும் இடம் இருக்கிறது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அன்னக்கூடையோடு ஏறும் அக்காமார்களைப் பற்றியும் ஒரு வரி. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது பெரிய செய்தியாகி முதலமைச்சரே கண்டித்தார். சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு படியருகிலேயே நின்று வருபவர்கள் எங்கள் பக்கம் தினமும் உண்டு. யாரும் இறக்கிவிடுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி. பயணிகள் நலம் என்று நீங்கள் எழுதும் பக்கத்தில் அவர்களும் வர வேண்டும்.

மாணவர்களைப் பற்றிக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். தடத்துக்கு ஒரு தலைவன், அதாவது 'ரூட்டு தல' என்று ஒருவனை வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலிலும் பஸ்களிலும் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆண்டுதோறும் எச்சரிக்கை வருகிறது, பெற்றோரை அழைத்து எழுதி வாங்குகிறார்கள், அடுத்த ஆண்டு புது ஆட்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று ஆண்டு அந்தக் கூட்டத்தில் இருந்தவன், இப்போது மணலியில் வேலைக்குப் போகிறான். "ரயிலில் ஏறினால்தான் எங்களை ஊர் பார்த்தது அக்கா" என்றான். அவன் சொன்னதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

நான் கேட்பது இவைதாம். நிலையமும் நிறுத்தமும் நடுவிலிருக்கும் சந்தும் சேர்ந்து ஓர் இடம் என்று கணக்கில் எழுதுங்கள். அந்த இடத்துக்கு இரவு கடைசி ரயில் வரை பொறுப்பான ஒருவரின் பதவியும் எண்ணும் பலகையில் இருக்கட்டும். கடைசி ரயில்கள் வந்த பிறகு பஸ் புறப்படட்டும். மூன்று நிமிடம் முந்திப் போன பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அரைமணி நேரத்தில்தான் பாதி பயம். குறைகேட்புக் கூட்டத்தை எழும்பூரில் காலை 11 மணிக்கு வைக்காமல் திருவொற்றியூரில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் சட்டம் வந்திருக்கிறது, அதன்படி விற்பனைக்கு இடம் ஒதுக்க மாநகராட்சிக்குக் குழுவும் உண்டு. அந்தக் குழுவோடு உட்கார்ந்து, இரவு நிறுத்தங்களின் அருகே சில வண்டிகளுக்கு இடம் வாங்கிக் கொடுங்கள். தயவுசெய்து கேமராக் கம்பத்தைக் கழற்ற வேண்டாம். பக்கத்திலேயே நான்கடி இடம் காலியாக இருக்கிறது.

இட்லிக்கார அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். இப்போது இரண்டு தெரு தள்ளி வீட்டு வாசலிலேயே காலையில் மட்டும் கடை போடுகிறார். இடம் கொடுத்தால் திரும்ப வருவீர்களா என்று கேட்டுவிட்டேன். வண்டி அப்படியேதான் இருக்கிறதாம், ஒரு சக்கரம் மட்டும் மாற்ற வேண்டுமாம்.

இப்படிக்கு,
காலடிப்பேட்டையிலிருந்து ஓர் இரவு ஷிப்ட் பயணி