நவம்பரில் வரமாட்டேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சுகம்தானே?

"ரிட்டயர் ஆகியும் என்னப்பா இன்னும் பட்டாளம்? நவம்பர்ல ஐதராபாத் வந்து இருங்க" என்று போனில் கோபித்துக்கொண்டாய். வேறு எந்த மாதமானாலும் வருகிறேன். நவம்பர் மட்டும் முடியாது. போனில் காரணம் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பென்ஷன் வாங்குகிறவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோருக்கு அது நவம்பரில். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறை வந்தபிறகு எல்லாம் கம்ப்யூட்டர்தான். வயசானவர்களில் பாதிப் பேருக்கு விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழாது. அதற்காக எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் செல்போன் வைத்து முகத்தைக் காட்டிச் சான்று போட்டுக் கொடுக்கிறோம். போன வருஷம் ஒரு சுபேதார் ஐயா, எழுபத்தொன்று யுத்தத்தைப் பார்த்தவர், கேமரா முன்னால் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். கண்ணைச் சிமிட்டினால்தான் ஆப் ஒத்துக்கொள்ளும். இவரோ இமை அசைக்கவில்லை. "ஐயா, சிமிட்டுங்க" என்றால், "பரேட்ல நிக்கும்போது எவன்டா கண்ணு அடிப்பான்?" என்கிறார். கடைசியில் ஒரு நாயக் ரேங்க்காரன் "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று கத்தினான். அப்புறம்தான் சிமிட்டினார்!

குடியாத்தம், பரதராமிக்காரர்கள் மட்டும் இல்லை, எல்லை தாண்டி சித்தூர் மாவட்டத்து ஊர்க்காரர்களும் எங்களிடம்தான் வருகிறார்கள். மாநில அரசு சலுகை என்றால் அவர்கள் சித்தூர் படைவீரர் நல ஆபீஸுக்கும் நாங்கள் வேலூர் நல ஆபீஸுக்கும் போகணும். பென்ஷனுக்கு எல்லை ஏது? தமிழ், தெலுங்கு, நடுவில் பட்டாளத்து இந்தி என்று எல்லாம் கலந்து பேசுவோம். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது.

விழாக்கள் உனக்குத் தெரிந்ததுதான். டிசம்பர் 7 கொடி நாள், 16 எழுபத்தொன்று யுத்த வெற்றி நாளான விஜய் திவஸ். ஜனவரி 14 வெட்டரன்ஸ் டே. 1953இல் நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ரிட்டயர் ஆன நாள் அது. போகியோ பொங்கலோ வந்து மோதும், உன் அம்மா வாயில் விழாமல் மெடலை மாட்டிக்கொண்டு கிளம்புவதே ஒரு ஆபரேஷன்.

உண்மையில் என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது விழா இல்லை, பாப்பா. நம் பின்தெரு ஹவில்தார் தவறினாரே, அவர் சம்சாரத்துக்குக் குடும்ப பென்ஷன் நின்றுபோனது. அவருடைய பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்கில் அந்தம்மாவை வீட்டில் கூப்பிடும் பேர், ஆதாரில் பள்ளிக்கூடத்துப் பேர். கல்யாணம் ஆன புதிதில் கிளார்க் கேட்டபோது மனுஷன் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷம் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அந்தம்மா ஒரு மஞ்சள் பையில் மெடல், கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் மேசைமேல் கொட்டினார். அஃபிடவிட் போட்டு, நல அலுவலகத்தில் சீல் வாங்கி, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பினோம். பேர் திருத்தி வந்தபிறகுதான் பணம் வந்தது. அதுவரை அரிசி, மளிகை சங்கத்துப் பணத்தில். இது அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று பொறித்திருக்கிறது. அந்த 14 பேர் சம்சாரத்துக்கெல்லாம் யார் மனு எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போனால் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கேஸ் முடிந்த அன்றே என் பேப்பரையும் எடுத்துப் பார்த்தேன். உன் அம்மா பேர் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற பென்ஷன் ஆர்டர், ஆதார், பேங்க் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பீரோவில் மேல்தட்டில், பச்சை ஃபைல். எனக்கு 67 தாண்டிவிட்டதால், எனக்குப் பிறகு முதல் ஏழு வருஷம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்கிற கூடுதல் குடும்ப பென்ஷன் அம்மாவுக்குக் கிடைக்காது, ஆரம்பத்திலிருந்தே கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் டிஏவும்தான். இதைக் கேட்டு அழாதே. தெரிந்து வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை.

மிலிட்டரி கேன்டீனில் நீ கேட்ட மிக்ஸி வந்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் காட்பாடியில் ஏறுகிற மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு. லோயர் பெர்த் பார்த்துப் போடு, அம்மாவுக்கு முட்டி வலி.

அன்புடன்,
அப்பா